மாங்கட்டையைப் பிளக்கப் பத்து டன்: காவேரிப்பட்டணத்துத் தோப்பில் கட்டிய ஹைட்ராலிக் விறகு பிளப்பான்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்துக்கு அருகில் உள்ள எங்கள் தோப்பில் வெட்டிச் சாய்த்த பழைய மாமரங்களின் அடிக்கட்டைகளையும் கவட்டைகளையும் பிளப்பதற்காக நாங்களே கட்டிய, எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் ஹைட்ராலிக் இயந்திரம் இப்போது குறையில்லாமல் வேலை செய்கிறது. பத்து டன் தள்ளுவிசை, 600 மி.மீ. ஓட்டம் (சிலிண்டரின் ராடு, அதாவது தள்ளும் தண்டு, நீளும் தூரம்), கிணற்றடியில் பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்த 5 குதிரைத் திறன் டீசல் இன்ஜின், 72 ஆயிரம் ரூபாயை ஒட்டிய செலவு என்பது இதன் சுருக்கமான ஜாதகம். இதைக் கட்டத் தொடங்கியபோது எங்கள் கவனம் முழுவதும் எத்தனை டன் கிடைக்கும் என்பதிலேயே இருந்தது. டன் எளிதாகவே கிடைத்துவிட்டது. அந்த விசையைத் தாங்கும் சட்டத்தையும், அதை மரத்துக்குள் செலுத்தும் ஆப்பையும் சரியாக்கத்தான் நேரமும் பணமும் போயின என்பதால் இந்தப் பதிவில் அவ்விரண்டையும் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

மரத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். முப்பது அடி இடைவெளியில் அந்தக் காலத்தில் நட்ட பெங்களூரா, நீலம் மரங்கள் காய்ப்பு குறைந்து போனதால், அவற்றை எடுத்துவிட்டு நெருக்கமான நடவுக்கு மாறினோம். நேரான நடுமரத்தைப் பெட்டிப் பலகைக்காக மர வியாபாரி எடுத்துக்கொண்டார். எஞ்சியவை ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை விட்டமுள்ள அடிக்கட்டைகளும், கிளை பிரியும் இடத்துக் கவட்டைகளும், கணு நிறைந்த துண்டுகளும்தான். மாமரத்தின் இழை நேராக ஓடுவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போகும். கோடாரி இறங்கினால் பிடித்துக்கொள்கிறதே தவிர மரம் விரிவதில்லை. ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்தால் பிளக்கத்தான் செய்யும், ஆனால் அந்த வேலைக்கு இப்போது ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கவட்டையைத் தொட மாட்டேன் என்கிறார்கள். பட்டையோடு கிடக்கும் மாங்கட்டையில் துளைப்பான் பூச்சி சீக்கிரம் விழுந்துவிடும் என்பதால் வெகுநாள் போட்டு வைக்கவும் முடியாது. இவற்றோடு, வரப்பில் காற்றுக்கு விழுந்த ஒரு பெரிய புளியமரமும் இருந்தது. வைரம் பாய்ந்த புளியை நினைத்துத்தான் ஆரம்பத்தில் தேவைக்கு மேல் டன் கணக்குப் போட்டோம்.

எதைக் கொண்டு ஓட்டுவது என்பது அடுத்த கேள்வி. மும்முனை மோட்டார் வைத்தால் அமைதியாகவும் சுத்தமாகவும் இருக்கும். ஆனால் தோப்பில் இருப்பது விவசாய இணைப்பு. அந்த மின்சாரத்தைக் கிணற்று மோட்டாருக்கு அல்லாமல் விறகு பிளக்க எடுப்பது விதிக்குப் புறம்பானது. தவிர, இயந்திரத்தைக் கட்டை கிடக்கும் இடத்துக்கு இழுத்துப் போக வேண்டுமே தவிர, அறுபது எழுபது கிலோ கட்டைகளை இயந்திரம் இருக்கும் இடத்துக்கு உருட்டி வருவது நடக்காத காரியம். எனவே மின்மோட்டார் வருவதற்கு முன்பு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒற்றைச் சிலிண்டர் ஆயில் இன்ஜினையே எடுத்துக்கொண்டோம். 553 சி.சி., நிமிடத்துக்கு 1500 சுற்று, 3.7 கிலோவாட், தண்ணீரால் குளிர்விப்பது. நாசில் சுத்தம் செய்து, ரிங் மாற்றி, ஹெட் கேஸ்கட் போட்டதில் 5,500 ரூபாய் ஆயிற்று. முன்பு இறைத்த தண்ணீரே அதைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த வசதி இல்லாததால் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைச் சற்று உயரத்தில் வைத்து, கீழிருந்து தண்ணீர் உள்ளே போய் மேலே சூடாகத் திரும்பும்படி இரண்டு குழாய்களை இணைத்தோம்.

அளவுகளைத் தீர்மானிக்க ஒரே ஒரு கணக்குப் போதும். 100 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டனின் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஒரு பார் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1.02 கிலோ என்பதால், 125 பாரில் பத்து டன்னும் 160 பாரில் 12.8 டன்னும் கிடைக்கும். பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் தள்ளுகிறது என்பதை அழுத்தத்தோடு பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். இழப்புக்காக அதன் மேல் ஆறில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சுற்றுக்கு 10 சி.சி. தள்ளும் பம்பு 1500 சுற்றில் 15 லிட்டர் தள்ளும். 125 பாரில் அதற்குத் தேவைப்படுவது கிட்டத்தட்ட 3.7 கிலோவாட், அதாவது எங்கள் இன்ஜினின் முழுச் சக்தி. இதைவிடப் பெரிய பம்பு போட்டால் இன்ஜின் திணறும். சிறியதைப் போட்டால் வேகம் போய்விடும்.

உதிரிப் பொருள்களைத் தேடுவதில் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. கிரானைட் குவாரிகள் இருப்பதால் கிருஷ்ணகிரியைச் சுற்றிப் பொக்லைன், கம்ப்ரசர், கிரேன் பழுது பார்க்கும் பட்டறைகள் ஏராளம். ஹோஸ் அளவெடுத்து, முனையில் பிட்டிங் அழுத்திக் கொடுக்கும் கடைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓசூர் சிப்காட் பக்கமுள்ள பழைய இரும்புக் கடைகளில் தொழிற்சாலைகள் கழித்த சிலிண்டர்கள் எடை போட்டு விற்கப்படுகின்றன. அப்படி ஒன்றை 8,500 ரூபாய்க்கு எடுத்தோம்: 100 மி.மீ. உள்விட்டம், 50 மி.மீ. ராடு, 600 மி.மீ. ஓட்டம், இரு முனைகளிலும் பின் போடும் கண்.

பழைய சிலிண்டர் வாங்குபவர்கள் கடையிலேயே ராடை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். குரோம் பூச்சில் நகம் தட்டுப்படும் குழி இருந்தால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் குழி அதை அறுத்துவிடும். எங்களுடையதில் குழி இல்லை, மெல்லிய துருக்கோடுகள் மட்டுமே இருந்தன. லேத் பட்டறையில் இரண்டு தாங்கிகளின் மேல் ராடை உருட்டி டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் வளைவும் இல்லை. உட்புறத்தை ஹோன் செய்து (தேய்த்து வழவழப்பாக்கி), ராடை மெருகேற்றி, சீல் கிட் மாற்றியதில் 3,200 ரூபாய் போயிற்று.

பம்பைப் புதிதாகவே வாங்கினோம். தேய்ந்த கியர் பம்பை வாங்குவதில் மிச்சம் எதுவும் இல்லை. 10 சி.சி. கியர் பம்பு 4,800 ரூபாய். கியர் பம்புக்குச் சுழலும் திசை உண்டு என்பதைக் கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டைப் பார்த்து நின்றால் வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று கேட்டுத்தான் கொடுப்பார்கள். இன்ஜினின் ப்ளைவீல் பக்கம் நின்று பார்க்கும் திசையும், பம்பை எந்த முகமாகப் பொருத்துகிறோம் என்பதும் சேர்ந்துதான் விடையைத் தரும் என்பதால், தரையில் இரண்டையும் சாக்பீசால் வரைந்து அம்புக்குறி போட்டுப் பார்த்துக்கொண்டோம்.

பம்பின் தண்டிலேயே புல்லியைப் பொருத்தி பெல்ட்டால் ஓட்டியது கொஞ்ச காலம்தான் நின்றது. கியர் பம்பின் தண்டு முறுக்குவிசைக்காகச் செய்யப்பட்டது. பெல்ட்டின் பக்கவாட்டு இழுப்பை அது தாங்காது. ஆயில் சீல் ஓரமாகத் தேய்ந்து எண்ணெய் கசியத் தொடங்கியது. இன்ஜினோடு நேரடியாக இணைக்கலாம் என்றால், ஒற்றைச் சிலிண்டர் டீசலின் உதறல் முழுவதும் பம்புக்குப் போகும். எனவே இடையில் 30 மி.மீ. தண்டு ஒன்றை இரண்டு பிளம்மர் பிளாக் பேரிங்குகளின் மேல் நிறுத்தி, பெல்ட் இழுப்பு அந்தத் தண்டோடு நின்றுவிடும்படி செய்தோம். தண்டின் மறுமுனையிலிருந்து ரப்பர் நட்சத்திரம் வைத்த கப்ளிங் வழியாகப் பம்பு சுற்றுகிறது. இரண்டு காடிப் புல்லி, பி வகை பெல்ட், ஒன்றுக்கு ஒன்று விகிதம். தண்டு, பேரிங், புல்லி, பெல்ட், கப்ளிங் எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். அதன் பிறகு சீலில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

எண்ணெய்த் தொட்டியை 3 மி.மீ. தகட்டில் 45 லிட்டர் கொள்ளும்படி செய்தோம். அதன் நடுவில் ஒரு தடுப்புத் தகடு உண்டு. திரும்பி வரும் எண்ணெய் ஒரு பக்கம் விழுந்து, சூடும் நுரையும் தணிந்து, மறுபக்கம் வந்த பிறகே உறிஞ்சு குழாய்க்குள் போக வேண்டும். முதலில் திரும்பு குழாயின் வாய் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருந்தது. இயந்திரத்தை ஓட்டிய சிறிது நேரத்தில் தொட்டிக்குள் எண்ணெய் மோர் போல் நுரைத்து வெளுத்தது, பம்பு கீச்சிட்டது, சிலிண்டர் விட்டுவிட்டு நகர்ந்தது. குழாயை நீட்டி, அடித்தகட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி முனையைச் சாய்வாக வெட்டியதும் அவ்வளவும் நின்றுவிட்டது. உறிஞ்சு பக்கத்தில் ஓர் அங்குல ஹோஸ் போட்டு, அது ஒட்டிப் போகாமல் இருக்க உள்ளே கம்பிச் சுருள் உள்ள வகையாக எடுத்தோம். உறிஞ்சு முனையில் கம்பிவலை வடிகட்டியும், திரும்பும் வழியில் 25 மைக்ரான் வடிகட்டியும் உள்ளன. சிலிண்டர் பின்வாங்கும்போது திரும்பும் எண்ணெய் பம்பு தள்ளுவதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்பதால், திரும்பு குழாயையும் வடிகட்டியையும் பம்பின் அளவுக்கு மட்டும் கணக்குப் பார்த்து வாங்கக் கூடாது.

எண்ணெய் 68 கிரேடு, இரண்டு வாளி, 40 லிட்டர், 7,200 ரூபாய். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு 46 கிரேடு மிகவும் இளகிவிடும் என்று பொக்லைன் மெக்கானிக் சொன்ன யோசனையை ஏற்றுக்கொண்டோம். ஆனாலும் முதல் வாரங்களில் இரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு தொட்டியின் சுவர் 70 டிகிரியைத் தொட்டது. தொட்டி இன்ஜினின் புகைக்குழாய்க்கு ஓர் அடி தள்ளி இருந்ததே காரணம். அதை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி, மேலே ஒரு தகரக் கூரையும் போட்ட பிறகு 55 டிகிரிக்கு மேல் போவதில்லை.

எண்ணெயைச் சிலிண்டரின் எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் வால்வு ஒற்றை நெம்புகோல் உடையது. அழுத்தம் வைத்த எல்லையைத் தொட்டால் எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும் ரிலீப் வால்வு அதற்குள்ளேயே உள்ளது. கையை எடுத்தால் ஸ்பிரிங் நெம்புகோலை நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடும். பின்வாங்கும் பக்கத்தில் தானாகப் பிடித்து நிற்கும் வகையும் கடையில் இருந்தது. வேகத்துக்கு அது நல்லது என்றாலும், கை நெம்புகோலை விட்ட நொடியில் எல்லாம் நின்றுவிட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. விலை 5,200 ரூபாய். ஹோஸ்கள் அரை அங்குலம், இரட்டைக் கம்பிப் பின்னல், 275 பார் வரை வேலை செய்யத் தக்கவை. பிட்டிங்குகளோடு 6,400 ரூபாய். 250 பார் வரை காட்டும் கிளிசரின் கேஜ் 900 ரூபாய். கேஜ் இல்லாமல் இந்த இயந்திரத்தைக் கட்டவே கூடாது. எந்த மரம் எந்த அழுத்தத்தில் விடுகிறது என்பதும், எங்கே கோளாறு என்பதும் அந்த முள்ளில்தான் தெரியும்.

முதல் ஓட்டத்திலேயே அதன் பயன் தெரிந்தது. அழுத்தம் 60 பாருக்கு மேல் ஏற மறுத்தது. பம்பு, சீல், வால்வு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் ரிலீப் வால்வைக் கழற்றியபோது அதன் இருக்கையில் வெள்ளை டெப்லான் நாடாவின் சிறு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவது போல மரையில் சுற்றிய நாடாவின் நுனி கிழிந்து உள்ளே போயிருந்தது. நாடாவை எல்லா இணைப்புகளிலிருந்தும் எடுத்துவிட்டு, ரப்பர் உதடு ஒட்டிய டௌட்டி வாஷர்களைப் போட்டோம். ஹைட்ராலிக் வேலையில் டெப்லான் நாடாவுக்கு இடமே இல்லை.

இனி சட்டம். முதலில் எடுத்தது 150 மி.மீ. உயர ஐ பீம், மீட்டருக்கு 15 கிலோ. அதன் ஒரு முனையில் சிலிண்டரின் பின் கண்ணைப் பிடிக்கும் தாங்கி, மறுமுனையில் நிலையான ஆப்பு, இடையில் சிலிண்டர் தள்ளும் தகடு என்பது அமைப்பு. ஆப்பு நகராமல் கட்டை நகரும் இந்த முறையில், பிளந்த துண்டுகள் முனைக்கு அப்பால் தாமாகவே விழுந்துவிடும். ரிலீப் வால்வை 160 பாருக்கு வைத்து, அதாவது ஏறத்தாழ 13 டன்னுக்கு வைத்து, ஒரு புளியங்கவட்டையைக் கொடுத்தோம். இன்ஜின் கரும்புகை விட்டுச் சுற்றுக் குறைந்தது. கட்டையில் ஒரு வெடிப்பு மட்டும் விழுந்தது. தள்ளு தகடு பீமின் மேல் உரசத் தொடங்கியது. நிறுத்திவிட்டு, பீமின் அடிப்புறத்தில் முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்த்தபோது நடுவில் 6 மி.மீ. இடைவெளி தெரிந்தது. வெல்டிங் செய்த அண்ணன் எல்லா இணைப்புகளையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “வெல்டு நல்லாத்தான் இருக்குது தம்பி, இரும்புதான் முதுகு வளைஞ்சிருச்சு” என்றார்.

வளைந்ததற்குக் காரணம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சிலிண்டர் பீமுக்குள் இல்லை, அதன் மேலே இருக்கிறது. தள்ளும் விசையின் கோடு பீமின் நடுக்கோட்டுக்கு 15 செ.மீ. மேலே ஓடுகிறது. அதனால் 13 டன் வெறுமனே பீமை நீட்டி இழுப்பதோடு நிற்காமல், இரு முனைகளையும் வெளிப்புறமாகச் சாய்த்து முதுகை மேலே தூக்கப் பார்க்கிறது. அந்த வளைவையும் இழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், 150 மி.மீ. பீமின் மேல் தகட்டில் ஏறும் பாரம் சாதாரண இரும்பு நிரந்தரமாக வளையும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. விறகு பிளப்பான் கட்டும் பலர் சிலிண்டருக்கும் பம்புக்கும் நாள்கணக்கில் யோசித்துவிட்டு, பீமைக் கையில் கிடைத்த அளவில் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட வேண்டிய முதல் இடம் பீம்தான்.

இரண்டாவது பீம் 200 மி.மீ. உயரம், 100 மி.மீ. அகலம், மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. 2.4 மீட்டர் நீளத்துக்கு 60 கிலோ, 3,700 ரூபாய். உயரம் 50 மி.மீ. கூடியதில் வளைவைத் தாங்கும் வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது; எடையில் கூடியது 25 கிலோ மட்டுமே. அதோடு ரிலீப் வால்வை 125 பாருக்கு இறக்கினோம். பத்து டன்னில் இந்த பீமின் மேல் ஏறும் பாரம் வளையும் எல்லையில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஒரு பருவம் முழுவதும் ஓட்டிய பிறகும் நூல் பிடித்துப் பார்த்தால் நேராகவே இருக்கிறது.

சிலிண்டர் தாங்கியை 20 மி.மீ. தகட்டில் வெட்டி, விளிம்புகளை இருபுறமும் சரித்து, 7018 வெல்டிங் ராடால் பல அடுக்கு வெல்டு போட்டோம். வெல்டிங் ராடுகளைச் சூட்டுப்பெட்டியில் காய வைத்து எடுத்த பிறகே பயன்படுத்தினோம். ஈரம் பட்ட ராடால் இவ்வளவு தடித்த தகட்டில் போட்ட வெல்டை நம்ப முடியாது. பின்கள் 40 மி.மீ. ஈ.என். 8 வகை எஃகுத் தண்டில் கடைந்தவை. இரு முனைகளிலும் பின் இருப்பதால் சிலிண்டர் மிகச் சிறிதளவு மேலும் கீழும் அசைய முடிகிறது. தள்ளு தகடு சற்றுத் தூக்கினாலும் அந்தப் பாரம் ராடை வளைக்காமல் இருக்க இந்த அசைவு அவசியம். தள்ளு தகட்டின் அடியில் பீமின் மேல் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் வழிகாட்டிகளுக்கு 1.5 மி.மீ. இடைவெளி விட்டோம். அதற்குக் குறைத்தால் பட்டைத் தூள் புகுந்து இறுகிவிடுகிறது. கூட்டினால் தகடு முன்னால் குனிகிறது. தகட்டின் முகத்தில் நான்கு கூர் முனைகளை வெல்டு செய்திருக்கிறோம். கட்டை ஓரமாக நழுவாமல் அவை பிடித்துக்கொள்கின்றன.

ஆப்புதான் இந்த வேலையில் நான் அதிகம் கற்றுக்கொண்ட பகுதி. முதல் ஆப்பு 20 மி.மீ. தகட்டை இருபுறமும் தேய்த்துக் கூராக்கியது. உயரம் 250 மி.மீ. காய்ந்த வேம்புத் துண்டை அது ஒரே தள்ளலில் இரண்டாக்கியது. மாங்கட்டையிலோ ஆறு அங்குலம் உள்ளே போய் நின்றது, அழுத்தம் 125 பாரைத் தொட்டு ரிலீப் வால்வு இரைந்தது, கட்டை பிளக்கவில்லை. கத்தி வாழைத்தண்டுக்குள் போவது போல இழைகளை அறுத்துக்கொண்டு போயிருந்ததே தவிர அவற்றை விலக்கவில்லை. ஆப்பின் மொத்தத் தடிமன் 20 மி.மீ. என்றால் அது மரத்தை 20 மி.மீ. மட்டுமே விரிக்கும், பின்னிய இழைக்கு அது போதாது, இரு பக்கமும் சேர்ந்து ஆப்பை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பிளக்க முடியவில்லை என்றதும் இன்னும் டன் வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் 125 மி.மீ. சிலிண்டர் தேடலாமா என்ற பேச்சு வந்தது.

அதற்கு முன் ஆப்பை மாற்றிப் பார்த்தோம். கூரிலிருந்து நான்கு அங்குலம் பின்னால் தொடங்கி, இருபுறமும் 12 மி.மீ. தகடுகளைச் சிறகு போல வைத்து, கடைசியில் 110 மி.மீ. அகலம் வரும்படி வெல்டு செய்தோம். அவற்றின் பின்புறம் முக்கோணத் தாங்கல்கள் உண்டு. முன்பகுதி ஒல்லியாக இருப்பதால் நுழைவது எளிதாகிறது. நுழைந்த பிறகு சிறகு மரத்தை விலக்குகிறது. அதே பத்து டன்னில் அதே மாதிரியான மாங்கட்டைகள் இப்போது ஓட்டத்தின் பாதியிலேயே விட்டுவிடுகின்றன. பெரும்பாலானவற்றுக்குக் கேஜ் 90 பாரைத் தாண்டுவதில்லை. கூரைச் சவரக்கத்தி போல் தீட்டவும் தேவையில்லை. வெடிப்பு கூருக்கு முன்னாலேயே ஓடுவதால், இரண்டு மி.மீ. மழுங்கலாக விட்டால் கணுவில் பட்டுச் சிதையாது. கூர் முனைக்குப் பொக்லைன் பக்கெட்டின் தேய்ந்த வெட்டுத் தகட்டிலிருந்து ஒரு பட்டை வெட்டி வைத்தோம். அந்த இரும்பைக் குளிர்ந்த நிலையில் வெல்டு செய்தால் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விழும். கை வைக்க முடியாத சூட்டுக்குக் கேஸ் பிழம்பால் காய்ச்சிய பிறகே வெல்டு போட்டு, மணலில் மூடி மெதுவாக ஆறவிட்டோம்.

பீமின் மேல் தகடு நான்கு அங்குலமே என்பதால் உருண்டைக் கட்டை நிற்காது. இருபுறமும் ஆங்கிள் இரும்பால் தொட்டில் போல ஒரு மேசை செய்தோம். பிளந்த பாதி கீழே விழாமல் அங்கேயே நிற்பதால் மறுபடி குனிந்து எடுக்க வேண்டியதில்லை. பழைய கார் அச்சு ஒன்றின் மேல் எல்லாவற்றையும் ஏற்றி, டிராக்டர் கொக்கியில் மாட்டும்படி முன்னால் ஒரு கை வைத்தோம்.

வேலை முறை இப்போது இப்படிப் படிந்திருக்கிறது. கட்டையை 18 அங்குல நீளத்துக்கு அறுத்து, வெட்டுமுகத்தில் வெடிப்பு தெரியும் வரை சில வாரங்கள் விட்டு, அந்த வெடிப்பு ஆப்புக்கு நேராக வரும்படி வைக்கிறோம். கவட்டையை நடுவில் பிளக்க முயல்வதில்லை. ஓரத்திலிருந்து மூன்று நான்கு அங்குலமாகச் சீவிக்கொண்டே வந்தால், மல்லுக்கு நிற்கும் நடுப்பகுதி தனியாக மிஞ்சும். அதை அடுத்த பக்கம் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். புளியில் மட்டும், தகடு ஆப்பை நெருங்கிய பிறகும் நார் நாராகப் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசி நிலையில் 15 மி.மீ. இடைவெளி இருப்பதால் அந்த நாரைக் கோடாரியால் வெட்டிவிட வேண்டியிருக்கிறது. கணுவும் கவட்டையும் சேர்ந்த சில புளித்துண்டுகள் பத்து டன்னுக்கு மசியவில்லை. அவற்றைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துவிட்டோம். அந்தச் சில துண்டுகளுக்காக டன்னைக் கூட்டுவதில் பொருளில்லை.

பாதுகாப்பில் ஓர் ஒழுங்கைக் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். கட்டையை வைப்பவரே நெம்புகோலை இழுக்க வேண்டும். ஒருவர் வைத்து இன்னொருவர் இழுக்கும்போதுதான் விரல் மாட்டுகிறது. உதவிக்கு நிற்பவர் கட்டையை உருட்டிக்கொண்டு வருவதோடும், விழுந்த விறகை அடுக்குவதோடும் சரி. அவர் கை மேசைக்குள் வரக் கூடாது. நெம்புகோல் ஆப்புக்கு எட்டாத தூரத்தில், ஹோஸ்கள் ஓடாத பக்கத்தில் இருக்கிறது. ஹோஸில் கசிவு தென்பட்டால் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. நூறு பாருக்கு மேல் ஊசித்துளை வழியாகப் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் ஈரம் படுவதில் இடம் தெரிந்துவிடும். கேஸ் கட்டர், வெல்டிங், கிரைண்டர் வேலை எல்லாம் முடிந்த பிறகே தொட்டியில் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

செலவில் மேலே சொன்னவை போக, தகடுகளுக்கு 4,900, வடிகட்டிகளுக்கு 2,300, அச்சுக்கும் சக்கரங்களுக்கும் 3,500, வெல்டிங் கூலியும் கேஸ் கட்டிங்கும் 9,000, வளைந்த முதல் பீமுக்கு 2,000. அந்த பீம் வீணாகவில்லை. மாட்டுக்கொட்டகையில் தூணாக நிற்கிறது. வேலையின் அளவைப் பார்த்தால், மாங்கட்டை ஒரு டன்னைப் பிளக்க இரண்டு பேருக்கு இரண்டு மணி நேரமும் ஒன்றரை லிட்டர் டீசலும் ஆகின்றன. எங்கள் அடுப்புக்குப் போக மீதி விறகு தேநீர்க் கடைகளுக்கும், பாலக்கோடு பக்கம் பட்டு நூற்கும் கொட்டகைக்கும் போகிறது. நூற்புக்காரர்கள் கை தடிமனில் ஒரே சீராகப் பிளந்த விறகையே விரும்புகிறார்கள். கோடாரி விறகில் அந்தச் சீர் வராது.

அடுத்த முறை கட்டுவதாக இருந்தால் மூன்று மாற்றங்கள் செய்வேன். பீமின் மேல்மட்டம் இப்போது தரையிலிருந்து 20 அங்குலம். பெரிய அடிக்கட்டைகளைப் பலகை சாய்த்து உருட்டி ஏற்றுவதில்தான் முதுகு நோகிறது. பீமைக் கீல் வைத்துச் செங்குத்தாக நிறுத்தும்படி செய்தால் கட்டை தரையிலேயே இருக்கலாம். நீளத்தில் இன்னும் ஓர் அடி கூட்டி, ஆப்புக்குப் பின்னால் பிளந்த துண்டுகள் நிற்க ஒரு தட்டு வைப்பேன். மூன்றாவதும் முக்கியமானதும் வேகம். வெறுமனே முன்னால் போக 20 நொடி, பின்வாங்க 15 நொடி என்பது நீளமான நேரம். குட்டைக் கட்டைகளுக்குத் தகட்டை முழுவதும் பின்வாங்காமல் பாதியில் நிறுத்திக்கொள்வதால் இப்போதைக்குச் சமாளிக்கிறோம். முன்னால் போகும்போது ராடு பக்கத்திலிருந்து வெளியேறும் எண்ணெயைத் தொட்டிக்கு விடாமல் பிஸ்டன் பக்கத்துக்கே திருப்பிவிடும் வால்வு ஒன்று உண்டு. அதைப் போட்டால் 50 மி.மீ. ராடின் பரப்பு மட்டுமே கணக்கில் வருவதால், கட்டையைத் தொடும் வரை இரண்டரை டன் விசையில் முழு ஓட்டமும் ஐந்து நொடிக்குள் முடியும். கட்டையில் முட்டியதும் சாதாரண நிலைக்கு மாற்றிக்கொண்டால் பழையபடி பத்து டன் வந்துவிடும். அந்த வேகத்தில் தகடு வரும்போது கட்டையைச் சரிசெய்யக் கை உள்ளே போகும் பழக்கம் யாருக்கும் இருக்கக் கூடாது என்பதால், இரண்டு கைகளாலும் இரண்டு நெம்புகோல்களைப் பிடித்தால் மட்டுமே தகடு முன்னால் வரும்படியான இணைப்பை முதலில் செய்துவிட்டு, அதன் பிறகே இந்த வால்வைப் பொருத்த இருக்கிறேன்.